நினைவகம் நிறைந்தால் என்ன ஆகும்? சோதிக்க எந்தக் கட்டளைக் கருவி?

"சர்வரில் நினைவகம் தீர்ந்துபோனால் இயங்குதளம் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். மெம்டெஸ்டர் போதுமா, ஸ்ட்ரெஸ்-என்ஜி வேண்டுமா?" இந்தக் கேள்வி சின்னச் சின்ன மாற்றங்களோடு என்னிடம் திரும்பத் திரும்ப வருகிறது. கேட்பவர்களில் பலர் அதற்கு முன்பே மெம்டெஸ்டரை இரவு முழுக்க ஓட்டியிருப்பார்கள். எல்லா வரியிலும் 'ஓகே' வந்திருக்கும், அவர்களும் நிம்மதியாக இருப்பார்கள். சிக்கல் என்னவென்றால், அந்த இரவு முழுக்க சோதிக்கப்பட்டது ரேம் சிப். இயங்குதளம் சோதிக்கப்படவே இல்லை.

நினைவகச் சோதனை என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேலைகள் நடக்கின்றன. ரேமில் எழுதிய பிட் அப்படியே திரும்பி வருகிறதா என்று பார்ப்பது ஒன்று. நெருக்கடி வந்தால் இயங்குதளத்தின் மையமான கெர்னல் எந்த நிரலிடமிருந்து பக்கங்களை, அதாவது நினைவகத்தின் சிறு துண்டுகளைப் பிடுங்குகிறது, எதை ஸ்வாப்புக்கு (ரேமுக்கு மாற்றாக வழக்கமாக வட்டில் ஒதுக்கும் இடத்துக்கு)த் தள்ளுகிறது, எந்த நிரலைக் கொல்கிறது என்று பார்ப்பது இன்னொன்று. அந்த நெருக்கடியில் உங்கள் சொந்த நிரல் எப்படி நடந்துகொள்கிறது என்பது மூன்றாவது. கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் இந்த மூன்றில் உங்களுடையது எது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். இந்தக் கட்டுரை பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றியது. லினக்ஸை மையமாக வைத்து எழுதுகிறேன். விண்டோஸும் மேக்கும் பின்னால் வரும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல்தான் எல்லாவற்றையும்விட முக்கியம்: வாங்கிய பக்கத்தைக் கருவி என்ன செய்கிறது?

லினக்ஸில் ஒரு நிரல், நினைவகம் கேட்கும் மேலாக் அழைப்பு மூலம் 6 ஜிபி கேட்டால், கெர்னல் வழக்கமாகச் சரி என்று சொல்லிவிடும். ஆனால் அது வெறும் வாக்குதான், பொருள் கைக்கு வரவில்லை. 8 ஜிபி ரேம் உள்ள கணினியில் நான்கு ப்ராசஸ்கள் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள்) ஆளுக்கு 6 ஜிபி கேட்டாலும், இயல்பான அமைப்பில் நான்குக்கும் கிடைத்துவிடும். ஒரு பக்கத்தில் முதல்முறை எழுதும்போதுதான் உண்மையான ரேம் ஒதுக்கப்படுகிறது. படித்தால் மட்டும் போதாது. படிக்கும் பக்கங்களுக்கெல்லாம் பூஜ்ஜியம் நிறைந்த ஒரே பொதுப் பக்கத்தைக் காட்டிவிட்டு கெர்னல் தப்பித்துக்கொள்ளும்.

ஆகவே ஒரு கருவி பக்கத்தை வெறுமனே கேட்கிறதா, தொடுகிறதா, ரேமிலேயே பூட்டி வைக்கிறதா, உள்ளே என்ன எழுதுகிறது என்ற நான்கும் நான்கு வேறு சோதனைகள். கடைசியை யாரும் கவனிப்பதில்லை. ஸெட்ரேம் போன்ற, ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் ஸ்வாப் வைத்திருந்தால், பூஜ்ஜியம் நிரப்பிய பக்கம் கிட்டத்தட்ட இடமே எடுக்காது. பத்து ஜிபி நெருக்கடி கொடுத்தோம் என்று நாம் நினைத்திருப்போம். கெர்னல் அதைச் சில எம்பியில் மடித்து ஓரமாக வைத்திருக்கும்.

மற்ற அளவுகோல்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முடிவை யார் சொல்வது? சில கருவிகள் தேர்ச்சி, தோல்வி என்று தாமே சொல்லும். சில சுமையை மட்டும் கொடுக்கும், அளவிடுவது உங்கள் வேலை. அதே சோதனையை அடுத்த வாரம் அப்படியே திரும்ப ஓட்ட முடியுமா? கைமீறிப் போனால் எவ்வளவு சேதம்?

கடைசிக் கேள்வியை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். தொலைவில் இருந்த ஒரு சர்வரில், எந்த வரம்பும் வைக்காமல், மெதுவான வட்டில் ஸ்வாப் இருந்த நிலையில், நினைவகச் சுமையை ஓடவிட்டேன். அடுத்த நிமிடமே, தொலைவிலிருந்து லாகின் செய்ய உதவும் எஸ்எஸ்ஹெச் உறைந்தது. வேடிக்கை என்னவென்றால், பிங் மட்டும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. பிங்குக்குப் பதில் சொல்வது கெர்னல். அதன் நினைவகம் ஸ்வாப்புக்குப் போகாது. லாகின் செய்ய வேண்டிய நிரலின் பக்கங்களோ வட்டுக்கும் ரேமுக்கும் இடையில் அல்லாடிக்கொண்டிருந்தன. கடைசியில் ஒருவரை நேரில் அனுப்பி மின்சாரத்தை அணைக்கச் சொன்னேன். ஸ்வாப்பையே அணைத்துவிட்டால் இது நடக்காது என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. ஸ்வாப் இல்லாவிட்டாலும், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் குறிமுறைப் பக்கங்கள் வட்டிலுள்ள கோப்பிலிருந்து வந்தவைதான். கெர்னல் அவற்றைத் தூக்கியெறிந்துவிட்டு மறுபடி படிக்கும். திணறல் அங்கேயும் உண்டு.

## மெம்டெஸ்டர், ஸ்ட்ரெஸ்ஆப்டெஸ்ட்: சிப்பைச் சோதிப்பவை

மெம்டெஸ்டருக்கு அளவையும் சுற்று எண்ணிக்கையையும் கொடுத்தால் போதும். அவ்வளவு நினைவகத்தை வாங்கி, எம்லாக் மூலம் ரேமிலேயே பூட்டி, விதவிதமான பிட் வடிவங்களை எழுதிப் படித்து ஒப்பிடும். பூட்டுவதுதான் இங்கே விஷயம். பூட்டிய பக்கத்தைக் கெர்னல் ஸ்வாப்புக்கு அனுப்ப முடியாது, பிடுங்கவும் முடியாது. எந்த முடிவுகளைச் சோதிக்க வேண்டும் என்று நாம் விரும்புகிறோமோ, அந்த முடிவெடுக்கும் உரிமையையே இது கெர்னலிடமிருந்து பறித்துவிடுகிறது.

சிப் சோதனையாகப் பார்த்தாலும் இதற்கு எல்லை உண்டு. கெர்னலும் பிற நிரல்களும் உட்கார்ந்திருக்கும் பகுதியை இதனால் தொட முடியாது. ரூட் (நிர்வாகி) உரிமை இல்லாமல் ஓட்டினால் பூட்டுவது தோற்கலாம். அப்போது அளவைக் குறைத்தோ, பூட்டாத நினைவகத்திலோ சோதனை தொடரும். அந்த எச்சரிக்கை திரையில் மேலே ஓடிப்போய்விடும், பலர் பார்ப்பதே இல்லை. ரேமின் மேல் உண்மையான சந்தேகம் இருந்தால், இயங்குதளமே இல்லாமல் நேரடியாக பூட் ஆகும் மெம்டெஸ்ட்86+ நல்லது. பல வருட இடைவெளிக்குப் பிறகு 2022இல் வந்த அதன் 6.00 பதிப்பு புதிய கணினிகளிலும் ஓடும். விலை என்னவென்றால், அதுவரை கணினி வேறு எதற்கும் உதவாது.

கூகுள் வெளியிட்ட ஸ்ட்ரெஸ்ஆப்டெஸ்ட் இதே குடும்பம்தான், ஆனால் அணுகுமுறை வேறு. நினைவகத்துக்கும் ப்ராசசருக்கும் இடையே தாறுமாறான போக்குவரத்தை உண்டாக்கி, அந்தப் பாதையில் பிழை வருகிறதா என்று பார்க்கும். புதிய சர்வரை வேலைக்கு எடுக்கும் முன் சில மணி நேரம் ஓட்டிப் பார்க்க அருமையான கருவி. கெர்னல் கொள்கையைப் பற்றி இதனிடம் கேட்காதீர்கள்.

இந்த வகையை நினைவக மேலாண்மைச் சோதனையில் பயன்படுத்த ஒரே ஒரு வழி எனக்குத் தெரியும்: அழுத்துக்கல்லாக. 16 ஜிபி கணினியில் 12 ஜிபியைப் பூட்டிவிட்டால் மற்ற நிரல்கள் மீதி 4 ஜிபியில் பிழைக்க வேண்டும். ஆனால் மெம்டெஸ்டர் ப்ராசசரையும் தின்னும், அளவீடு கெடும். பூட் செய்யும்போது கெர்னலுக்கு 'மெம்' என்ற அளபுருவில் 4 ஜிபி என்று கொடுத்துவிட்டால் அதே பலன் சுத்தமாகக் கிடைக்கும்.

## ஸ்ட்ரெஸ்-என்ஜி: பெரிய பெட்டி

ஏமஸ் வாட்டர்லேண்ட் எழுதிய பழைய 'ஸ்ட்ரெஸ்' கருவியின் வழியில் காலின் இயன் கிங் புதிதாக எழுதியது இது. இன்று 300க்கும் மேற்பட்ட சுமை வகைகள் இதில் உண்டு. நினைவகத்துக்கென்று மட்டும் ஒரு கூட்டமே இருக்கிறது. விஎம் வகை நினைவகத்தை வாங்கி, எழுதி, சரிபார்த்து, விட்டுவிட்டு மறுபடி வாங்கும். பிக்ஹீப், ஹீப் என்ற நிரலின் நினைவகப் பகுதியை வளர்த்துக்கொண்டே போகும். பிஆர்கே ஒரு நேரத்தில் ஒரு பக்கமாக நீட்டும். ஃபால்ட் வகை பக்கப் பிழைகளை (நிரல் தொட்ட பக்கம் இன்னும் ரேமில் தயாராக இல்லாத நிகழ்வுகளை)ப் பொழியும். எம்மேப், நியூமா என்று பட்டியல் நீள்கிறது.

பக்கத்தை என்ன செய்வது என்ற முதல் அளவுகோலில் இதற்கு நிகர் இல்லை. விஎம்-கீப் கொடுத்தால் வாங்கியதை விடாமல் வைத்துக்கொண்டு மேலேயே எழுதும். விஎம்-ஹேங் கொடுத்தால் சொன்ன நொடிகள் சும்மா பிடித்து வைத்திருக்கும். முதலாவது விடாத அழுத்தம். இரண்டாவது, வாங்கிய நினைவகத்தை மறந்துவிட்டுத் தூங்கும் நிரலின் சாயல். இரண்டிலும் கெர்னலின் பதில் வேறு மாதிரி இருக்கும். தூங்கும் பக்கங்களை ஸ்வாப்புக்கு அனுப்பிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது; எழுதிக்கொண்டே இருக்கும் பக்கங்கள் போன வேகத்தில் திரும்பி வரும். எழுதும் உள்ளடக்கத்தையும் விஎம்-மெத்தட் மூலம் மாற்றலாம்: வெறும் பூஜ்ஜியமும் ஒன்றும் எழுதும் முறையும் உண்டு, ரேண்டம் மதிப்புகள் எழுதும் முறையும் உண்டு.

இனி மறைமுகச் செலவுகள். இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள்.

நினைவகம் தீர்ந்தால் நிரலைக் கொல்லும் கெர்னல் பகுதியான ஓஓஎம் கில்லர், இதன் தொழிலாளி ப்ராசஸ் ஒன்றைக் கொன்றால், ஸ்ட்ரெஸ்-என்ஜி சத்தமில்லாமல் இன்னொன்றைப் பெற்றெடுத்து வேலையைத் தொடரும். பத்து நிமிடம் கழித்து 'வெற்றிகரமாக முடிந்தது' என்று சொல்லும். கெர்னல் பதிவுகளைக் காட்டும் டிமெஸெக்கைத் திறந்து பார்த்தால் அங்கே வரிசையாகப் பிணங்கள் கிடக்கும். கொல்லப்பட்டவுடன் நிற்க வேண்டும் என்றால் ஓஓஎம்ஏபிள் ஆப்ஷனைக் கொடுக்க வேண்டும்.

இதைவிட நுணுக்கமான ஒன்று: இது தன் நினைவகத் தொழிலாளிகளின் ஓஓஎம் மதிப்பெண்ணைத் தானே உயர்த்தி, முதலில் பலியாகும்படி வைத்துவிடுகிறது. சோதனைக் கருவிக்கு அது நல்ல குணம்தான். ஆனால் 'நெருக்கடியில் என் டேட்டாபேஸ் சாகுமா' என்று அறிய ஓட்டினீர்கள் என்றால் பதில் எப்போதும் 'சாகாது' என்றே வரும். உண்மையான கசிவு நடக்கும் நாளில், கசியும் நிரல் தன்னை இப்படி முன்னால் நிறுத்திக்கொள்ளாது.

அப்புறம், கடைசியில் அச்சாகும் 'போகோ ஆப்ஸ்' எண்ணிக்கை. அந்தப் பெயரே போலி என்று சொல்கிறது. துல்லியமான வேக அளவீடாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கருவியின் கையேடே எச்சரிக்கிறது. இரண்டு பதிப்புகளுக்கு இடையே அந்த எண்ணை ஒப்பிட்டு அறிக்கை எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவம். அதே கணினி, அதே பதிப்பு, அதே ஆப்ஷன்கள் இருந்தால் 'முன்னைவிடக் குறைந்தது' என்று சொல்ல மட்டும் பயன்படும்.

## நாமே எழுதும் இருபது வரி

முதலில் எழுதவே தேவையில்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டெயில் கட்டளைக்கு, முடிவில்லாமல் பூஜ்ஜியங்களைத் தரும் தேவ்-ஸீரோ கோப்பைப் படிக்கக் கொடுங்கள். அது கடைசி வரிகளைக் காட்ட வேண்டும். ஆனால் அந்தக் கோப்பில் வரி முடிவதே இல்லை. எனவே வரும் எல்லாவற்றையும் நினைவகத்தில் சேர்த்துக்கொண்டே போகும், சாகும் வரை. ஓஓஎம் கில்லர் வேலை செய்கிறதா, எச்சரிக்கை மின்னஞ்சல் வருகிறதா என்று பார்க்க இது போதும். எழுதுவது எல்லாம் பூஜ்ஜியம் என்பதால் ஸெட்ரேம் இருக்கும் கணினியில் இந்த வித்தை ஏமாற்றும்.

சி மொழியில் எழுதினால் கட்டுப்பாடு முழுக்க உங்கள் கையில்: இவ்வளவு வாங்கு, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பைட் எழுது, தூங்கு. யார் சாவார்கள் என்ற கேள்விக்கு நான் நம்புவது இதைத்தான். ஓஓஎம் கில்லர் பொதுவாக அதிக நினைவகம் வைத்திருக்கும் ப்ராசஸைத் தேர்ந்தெடுக்கும். 4 ஜிபி தின்னும் ஒரே சோதனை நிரலை ஓட்டினால் அதுவே பெரியது, அதுவே சாகும், நீங்கள் புதிதாக ஒன்றும் கற்க மாட்டீர்கள். அதே 4 ஜிபியை 80 எம்பி வீதம் ஐம்பது ப்ராசஸ்களாகப் பிரித்து ஓட்டிப் பாருங்கள். அப்போது கணினியிலேயே பெரிய உடம்பு உங்கள் டேட்டாபேஸாக இருக்கக்கூடும். ஐம்பது குட்டித் திருடர்களை விட்டுவிட்டுக் கெர்னல் அதைப் பிடிக்கும்.

ஆனால் இருபது வரிக்குள்ளும் குழிகள் உண்டு. வாங்கிய நினைவகத்தை எங்கும் பயன்படுத்தவில்லை என்று கண்டால், மேம்படுத்தும் கம்பைலர் மேலாக் அழைப்பையே நீக்கிவிடலாம். பக்க அளவு 4096 பைட் என்று எண்ணாகவே எழுதிவிட்டால், 16 கேபி அல்லது 64 கேபி பக்கம் வைத்திருக்கும் ஆர்ம் கணினியில் கணக்கு தப்பும். கெர்னலிடமே கேட்டு வாங்குங்கள். கெர்னலின் பெரிய பக்க வசதி 'எப்போதும்' என்ற நிலையில் இருந்தால், ஒரு பைட் எழுதினாலே 2 எம்பி ஒரேயடியாக வந்துவிடும். அதாவது 512 பக்கப் பிழைகளை எதிர்பார்த்த இடத்தில் ஒன்றுதான் எண்ணிக்கையில் ஏறும். நிரல் பிழை என்று நினைத்து ஒரு மாலைப்பொழுதை நான் இதில் தொலைத்திருக்கிறேன்.

## எல்டிபியும் கெர்னலின் சொந்தச் சோதனைகளும்

இவை கெர்னலையே மாற்றுபவர்களுக்கும், சொந்தமாகத் தொகுத்து வெளியிடுபவர்களுக்கும். லினக்ஸ் டெஸ்ட் ப்ராஜெக்டில் (எல்டிபி) ஓவர்கமிட் (கையிருப்புக்கு மேல் வாக்குக் கொடுப்பது), ஓஓஎம், கேஎஸ்எம் (ஒரே மாதிரிப் பக்கங்களை ஒன்றாக்குவது), ஸ்வாப் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சோதனைகள் இருக்கின்றன. கெர்னல் மூலக்குறிமுறையுடனேயே வரும் செல்ஃப்டெஸ்ட் தொகுப்பில் 'எம்எம்' என்ற கோப்பகம் இதற்காகவே உண்டு. பலம், முடிவைத் தாமே தெளிவாகச் சொல்வது. மறைமுகச் செலவும் அந்த முடிவில்தான்: தேர்ச்சி, தோல்வி தவிர 'இந்த அமைப்பில் இதை ஓட்ட முடியாது' என்ற மூன்றாவது விடையும் எல்டிபியில் உண்டு. தோல்வி பூஜ்ஜியம் என்று மகிழும் முன், எத்தனை சோதனைகள் ஓடவே இல்லை என்று எண்ணிப் பாருங்கள். கெர்னலை மாற்றாதவர் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

## விண்டோஸ், மேக்

விண்டோஸில் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பின் டெஸ்ட்லிமிட்டைத் தவிர வேறு எதையும் தேட மாட்டேன். மேலே சொன்ன முதல் அளவுகோலை அப்படியே ஆப்ஷன்களாக வைத்திருக்கும் கருவி அது. மைனஸ் ஆர் முகவரிகளை மட்டும் ஒதுக்கும்; மைனஸ் எம் கமிட் செய்யும், அதாவது இடம் உண்டு என்ற உறுதியையும் வாங்கும்; மைனஸ் டி கமிட் செய்து தொடவும் செய்யும்; மைனஸ் வி பூட்டும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுவரில் போய் முட்டும், எந்தச் சுவர் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

லினக்ஸ் பழக்கத்தில் இங்கே வருபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. விண்டோஸ் கையிருப்புக்கு மேல் வாக்குக் கொடுப்பதில்லை. ரேமும் பேஜ்ஃபைலும் (விண்டோஸின் ஸ்வாப் கோப்பு) சேர்ந்த கமிட் வரம்பைத் தாண்டினால், கேட்ட இடத்திலேயே இல்லை என்று சொல்லிவிடும். பிறகு யாரையும் தேடிக் கொல்லும் வேலை இல்லை. பேஜ்ஃபைல் அளவை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தால், சோதனையின் நடுவில் அந்தக் கோப்பு வளரும், வரம்பும் நகரும், வட்டில் இடமும் போகும். சோதனைக்கு முன் அதை நிலையான அளவில் வையுங்கள்.

மேக்கில் மெமரி-ப்ரெஷர் என்ற கட்டளை கூடவே வருகிறது. உண்மையிலேயே நினைவகத்தை நிரப்பாமல், 'நெருக்கடி' என்ற அறிவிப்பை மட்டும் பொய்யாக எழுப்பவும் அதனால் முடியும். உங்கள் செயலி அந்த அறிவிப்பைக் கேட்டுத் தன் கேஷைக் காலி செய்கிறதா என்று பார்க்க இதைவிட வசதி வேறில்லை.

## ஒரே பார்வையில்

| கருவி | உண்மையில் சோதிப்பது | பக்கத்தை என்ன செய்கிறது | முடிவைச் சொல்வது | முக்கியக் குழி |
|---|---|---|---|---|
| மெம்டெஸ்டர் | ரேம் சிப் | பூட்டுகிறது | கருவியே | கெர்னலின் முடிவுகளைத் தொடுவதே இல்லை |
| ஸ்ட்ரெஸ்ஆப்டெஸ்ட் | ரேமும் அதன் பாதையும் | எழுதி நகலெடுக்கிறது | கருவியே | கொள்கைச் சோதனை அல்ல |
| ஸ்ட்ரெஸ்-என்ஜி | கெர்னல் | ஆப்ஷனைப் பொறுத்து எல்லாமும் | பெரும்பாலும் நீங்கள் | செத்ததை மறைத்துத் தொடரும் |
| சொந்த நிரல் | நீங்கள் கேட்ட ஒன்றே ஒன்று | நீங்கள் எழுதியபடி | நீங்கள் | உங்கள் பிழைகளே |
| எல்டிபி | கெர்னல் விதிகள் | சோதனைக்குச் சோதனை மாறும் | கருவியே | ஓடாத சோதனைகள் கண்ணில் படாது |
| டெஸ்ட்லிமிட் | விண்டோஸ் வரம்புகள் | கேட்கும், தொடும், பூட்டும் | நீங்கள் | நகரும் பேஜ்ஃபைல் |

## எங்கே ஓட்டுவது என்பதும் ஒரு தேர்வுதான்

லினக்ஸில் என் பழக்கம், எந்தச் சுமையையும் சிக்ரூப் (ப்ராசஸ் குழுவுக்கு வரம்பு வைக்கும் கெர்னல் வசதி) ஒன்றுக்குள் அடைத்துத்தான் ஓட்டுவேன். சிஸ்டம்டி-ரன் மூலம் நினைவக உச்சவரம்பு 2 ஜிபி, ஸ்வாப் பூஜ்ஜியம் என்று வைத்துவிட்டால் வீட்டுக்குள் எரிந்து வீட்டுக்குள்ளேயே அணையும். கன்டெய்னரில் ஓடும் நிரலைச் சோதிப்பவர்களுக்கு இதுதான் உண்மை நிலையும்கூட. ஒன்று கவனிக்க: கன்டெய்னருக்குள், நினைவகக் கணக்கைக் காட்டும் ப்ராக்-மெம்இன்ஃபோ கோப்பு வழக்கமாக வெளிக் கணினியின் மொத்த ரேமைத்தான் காட்டும். அளவைச் சதவீதத்தில் கொடுக்காதீர்கள், எம்பியில் கொடுங்கள்.

ஆனால் சிக்ரூப்புக்குள் நடக்கும் நெருக்கடி, கணினி முழுதும் நடக்கும் நெருக்கடியின் சிறிய வடிவம் அல்ல. உள்வரம்பை முட்டும்போது, நினைவகம் கேட்ட ப்ராசஸே நின்று தன் பக்கங்களை விடுவிக்க வேண்டும். பக்கங்களை விடுவிக்கப் பின்னணியில் ஓடும் கெர்னல் வேலையாளான கேஸ்வாப்டி அதற்காக எழுந்து வராது. கேஸ்வாப்டி எப்போது விழிக்கிறது, எவ்வளவு ஆர்வமாக ஸ்வாப் செய்வது என்று சொல்லும் ஸ்வாப்பினெஸ் மதிப்பை இயல்பான 60இலிருந்து மாற்றினால் கணினி முழுவதும் என்ன ஆகிறது, கெர்னல் 6.1இல் வந்த புதிய பக்க முதுமைக் கணக்கு (எந்தப் பக்கம் நெடுநேரம் தொடப்படவில்லை என்று பார்க்கும் முறை) பழையதைவிட நன்றாக இருக்கிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டுமானால் சிறிய ரேம் கொடுத்த ஒரு மெய்நிகர் கணினியில் முழு அளவில் ஓட்டுங்கள். கெட்டுப் போனால் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம்.

எதை ஓட்டினாலும் அருகில் இரண்டு ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். ஒன்றில் விஎம்ஸ்டாட் கட்டளை; ஸ்வாப்புக்குள் போவதும் வருவதும் ஒரே நேரத்தில் தொடர்ந்து அதிகமாக இருந்தால் அது திணறல். இன்னொன்றில் கெர்னல் 4.20 முதல் கிடைக்கும் ப்ரெஷர் கோப்பகத்தின் மெமரி கோப்பு. நினைவகத்துக்காகச் சில ப்ராசஸ்களாவது காத்திருந்த நேரமும், எல்லாமே காத்திருந்த நேரமும் அதில் தனித்தனியாக இருக்கும். எல்லாமே காத்திருந்த நேரம் ஏறத் தொடங்கினால் பயனர் ஏற்கெனவே திட்ட ஆரம்பித்திருப்பார்.

## சரி, எதை எடுப்பது

புதிய ரேம் போட்டீர்கள், அல்லது காரணமே இல்லாமல் நிரல்கள் செத்துக்கொண்டிருக்கின்றன: மெம்டெஸ்ட்86+. கணினியை நிறுத்த முடியாது என்றால் மெம்டெஸ்டர்.

கெர்னல் அமைப்பை மாற்றினீர்கள், முன்னும் பின்னும் ஒப்பிட வேண்டும்: மெய்நிகர் கணினியில் ஸ்ட்ரெஸ்-என்ஜி, விஎம்-கீப் உடன், அளவை எம்பியில் குறித்து. முழு ஆப்ஷன் வரியையும் பதிப்பு எண்ணையும் முடிவோடு சேர்த்து எழுதி வையுங்கள்.

நெருக்கடியில் எந்தச் சேவை முதலில் சாகும் என்று தெரிய வேண்டும்: சொந்த நிரல், பல குட்டி ப்ராசஸ்களாக.

கன்டெய்னரின் வரம்பு போதுமா என்று தெரிய வேண்டும்: இதற்குச் செயற்கைச் சுமை எதுவும் வேண்டாம். உங்கள் நிரலையே அதன் வழக்கமான வேலையோடு ஓட்டி, உச்சவரம்பைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ப்ரெஷர் எண் எந்த இடத்தில் ஏறத் தொடங்குகிறதோ, அதற்குச் சற்று மேலே வரம்பை வையுங்கள்.